அக்காவின் மாத்திரையும் உங்கள் இதயமும்

ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 56, பள்ளியில் கணக்கு டீச்சர். மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர்.

ஏப்ரலில் டைபாய்டு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், ஏற்கெனவே பதிவு செய்திருந்த முழு உடல் பரிசோதனைக்குப் போனார். தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் 7.4, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியான அளவில், எல்டிஎல் கொழுப்பு 168, ரத்த அழுத்தம் 148/92, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. அங்கிருந்த மருத்துவர் கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை எழுதி, "பிபியை வாராவாரம் பார்த்துக் குறித்துவையுங்கள், தைராய்டை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்" என்றாராம்.

ஒரு மாதத்தில் கெண்டைக்கால் வலி வந்தது. "ஸ்டேட்டின் கல்லீரலைத் தின்றுவிடும், எல்லாவற்றுக்கும் வேர் தைராய்டுதான், அதைச் சரிசெய்தால் கொழுப்பு தானாக இறங்கும்" என்று நாத்தனார் சொல்ல, ஸ்டேட்டினை நிறுத்திவிட்டார். அக்காவிடமிருந்து 100 மைக்ரோகிராம் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை வாங்கி 20 நாள் சாப்பிட்டார். ராத்திரியில் நெஞ்சு படபடத்ததால் அதையும் நிறுத்தினார். பத்து நாள் கழித்து ரத்தம் கொடுத்ததில் டிஎஸ்எச் 5.1. இதற்கிடையில் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் வீட்டில் தடை. சமையலுக்கு இந்துப்பு.

கேள்விகள் மூன்று: தைராய்டு தானாகக் குணமாகிறதா? அரை மாத்திரையாகத் திரும்ப ஆரம்பிக்கலாமா? "அப்பா போன வழியிலேயே நானும் போய்விடுவேனோ?" கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறினால் முன்பு இல்லாத மூச்சிரைப்பு. இதுவும் தைராய்டுதானே?"

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த மூச்சிரைப்பு வரிதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் மூச்சு, அப்புறம் தைராய்டு

டிஎஸ்எச் 7.4 இருக்கிற ஒருவருக்கு மாடி ஏறும்போது புதிதாக மூச்சிரைத்தால், அதைத் தைராய்டின் கணக்கில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 56 வயது, கூடுதல் ரத்த அழுத்தம், எல்டிஎல் 168, சர்க்கரை எல்லையில், 52 வயதில் மாரடைப்பில் போன அப்பா. இத்தனையும் ஒரே ஆளிடம் இருக்கும்போது மூச்சிரைப்பு என்றால் முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான் விழ வேண்டும். பெண்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலியாக வருவதில்லை. மூச்சிரைப்பு, தாடையிலோ முதுகிலோ ஒரு கனம், காரணமில்லாத அசதி என்றும் வரும். டைபாய்டுக்குப் பிறகு ரத்தம் குறைந்திருந்தாலும் இரைக்கும். ஹீமோகுளோபினையும் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த வாரத்துக்குள் ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பார்த்து ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். டிரெட்மில் தேவையா என்று அவர் முடிவு செய்வார். டைபாய்டுக்குப் படுத்திருந்தபோது ஈசிஜி எடுத்தார்கள், ஆனால் நகல் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தயங்காமல் எழுத்தில் கேட்கலாம். பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால், புதியதில் தெரியும் மாற்றம் அப்போதே இருந்ததா, இப்போது வந்ததா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

மூச்சிரைப்பு உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

7.4-ம் 5.1-ம்

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம். உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட முடியாது.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்துப் போடும் சத்தம் அது. பின்வரிசைப் பையன் மந்தமாக இருந்தால் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள் அல்லவா? குரல் உயர்ந்திருக்கிறது, ஆனால் பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டான் என்றால், டிஎஸ்எச் கூடுதல், ஃப்ரீ டி4 சரி. இதைத்தான் லேசான தைராய்டு குறைவு என்கிறோம். டி4-ம் குறைந்துவிட்டால்தான் முழுமையான குறைவு. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்த லேசான வகை இருந்தது. உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இன்னும் ஒருவர் இருக்கலாம்.

சரி, அந்த 7.4. கடுமையான காய்ச்சலில் பிட்யூட்டரியின் குரல் அடங்கிப்போகும். உடம்பு தேறிவரும் வாரங்களில் கொஞ்ச நாள் வழக்கத்தைவிட உயரும், பிறகு பழைய நிலைக்கு வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் எடுத்த டிஎஸ்எச்சை வைத்து நான் யாருக்கும் நோய்ப் பெயர் வைக்க மாட்டேன். அதே காய்ச்சல் கொழுப்பில் நேர்மாறான வேலையைச் செய்யும் என்பதையும் கவனியுங்கள். தொற்று வந்த சமயத்தில் எல்டிஎல் குறைவாகக் காட்டும். ஆக, அன்றைய ரிப்போர்ட்டில் தைராய்டு எண் இருப்பதைவிடப் பெரிதாகவும், கொழுப்பு எண் இருப்பதைவிடச் சிறிதாகவும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. நீங்களோ பெரிதாகத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டீர்கள்.

5.1-ஐ நம்புவது இன்னும் மோசம். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். 20 நாள் சாப்பிட்டுவிட்டு, நிறுத்திய பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தால், அக்காவின் மாத்திரை அப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தைராய்டு தானாகக் குணமாகிறதா என்ற கேள்விக்கு அந்த 5.1 பதில் சொல்லாது.

கடைசி மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து எட்டு வாரம் விடுங்கள். அதே லேபில், காலை எட்டு மணி வாக்கில், டிஎஸ்எச், ஃப்ரீ டி4, கூடவே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டிபிஓ ஆன்டிபாடி என்று மூன்றும் கொடுங்கள். டிஎஸ்எச் இரவிலும் விடிகாலையிலும் உயர்ந்து மதியத்தில் இறங்கும். ஒரு தடவை காலை, ஒரு தடவை சாயங்காலம் என்று கொடுத்துவிட்டு ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். பல லேப் இயந்திரங்களில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

தைராய்டு இதயத்தைத் தொடுமா?

தொடும். உங்கள் பயம் ஆதாரமில்லாததல்ல. தைராய்டு முற்றிலும் குறைந்தவர்களின் இதயம் வீங்கி, மந்தமாகத் துடிப்பதையும், தைராய்டு மருந்து கொடுத்ததும் அது சுருங்கித் தேறுவதையும் 1918-லேயே ஹெர்மன் சோண்டெக் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தார். இந்த ஹார்மோன் ரத்தக்குழாய்களைத் தளர வைக்கிறது. குறைந்தால் குழாய் இறுகி, பிபியின் கீழ் எண் ஏறும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது மெதுவாகும். கல்லீரல், ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்லைக் கொக்கி போட்டு இழுத்துக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கொக்கிகள் குறையும், எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கும்.

ஆனால் எவ்வளவு குறைந்தால் எவ்வளவு ஆபத்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 11 ஆய்வுகளைச் சேர்த்து, 55,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசிய கட்டுரை 2010-ல் வந்தது. டிஎஸ்எச் 10-ஐத் தாண்டியவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 4.5-லிருந்து 7 வரை உள்ளவர்களுக்கும் தைராய்டு சரியாக இருப்பவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 7-க்கும் 10-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு இதய நோயால் இறப்பது சற்றுக் கூடித் தெரிந்தது. ஆனால் நோய் வருவதில் தெளிவான வித்தியாசம் இல்லை. உங்கள் 7.4 உண்மையானதாக இருந்தால், இந்த மங்கலான நடுப்பகுதியில் நிற்கிறீர்கள்.

நாத்தனார் சொன்னதில் ஒரு துளி உண்மையும் உண்டு. லேசான குறைவுக்குத் தைராக்சின் கொடுத்தால் எல்டிஎல் இறங்கும். எவ்வளவு? சராசரியாக 10 புள்ளி. உங்கள் 168, 158 ஆகும். அதற்காகவா ஸ்டேட்டினை நிறுத்தினீர்கள்?

நிறுத்தியது தவறு, வலி பொய்யில்லை

சின்ன அளவு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். 168 என்பது 110-க்குக் கீழே வரும். மாரடைப்பு வராமல் காப்பதில் ஸ்டேட்டினுக்கு இருக்கும் ஆதாரத்தில் கால்பங்குகூட லேசான தைராய்டுக்குக் கொடுக்கும் தைராக்சினுக்குக் கிடையாது. கல்லீரலைத் தின்றுவிடும் என்பதெல்லாம் காதுவழிக் கதை. கல்லீரல் என்சைம் சிலருக்குக் கொஞ்சம் ஏறும், பார்த்துக்கொள்ளலாம். நிஜமான கல்லீரல் சேதம் மிக மிக அரிது.

உங்கள் கெண்டைக்கால் வலியை நான் தட்டிக்கழிக்கவில்லை. தைராய்டு குறைவாக இருப்பவர்களுக்கு ஸ்டேட்டினால் தசைவலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உங்கள் விஷயத்தில் தைராய்டும் கொழுப்பும் உண்மையாக முட்டிக்கொள்ளும் இடம் இதுதான், இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வலி இருந்தபோதே தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது மருத்துவரிடம் "கால் வலித்ததால் நானே நிறுத்திவிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். வழிகள் இருக்கின்றன. எந்த வழியிலும் போகாமல் 168-ஓடு உட்கார்ந்திருப்பது மட்டும் வேண்டாம்.

பிபியும் அப்படித்தான். வாராவாரம் குறிக்கச் சொன்னதைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி, காலையில் காபிக்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் இரண்டு முறை, சாயங்காலம் இரண்டு முறை என்று ஏழு நாள் எழுதுங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் என்றால் அதற்கு வைத்தியம் தேவை.

அப்படியானால் தைராக்சின் வேண்டுமா, வேண்டாமா?

எட்டு வாரம் கழித்து வரும் எண்ணைப் பொறுத்தது. 4.5-க்குக் கீழ் வந்துவிட்டால், தைராய்டை மறந்துவிட்டு வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். 10-க்கு மேல், டி4 சரியாக இருந்தாலும், உங்கள் வயதில் நான் மாத்திரை கொடுத்துவிடுவேன். இதயப் பரிசோதனை முடிந்த பிறகு.

இடையில் நின்றால்? மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2019-ல் ஒரு சர்வதேசக் குழு, லேசான குறைவுள்ள பெரியவர்கள் பெரும்பாலானோருக்கு மாத்திரையே வேண்டாம் என்றது. கர்ப்பத்துக்கு முயல்பவர்களையும் டிஎஸ்எச் 20-ஐத் தாண்டியவர்களையும் அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய 737 பேரில் பாதிப் பேருக்குத் தைராக்சினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். அசதியில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மறுபக்கம் ஐரோப்பிய தைராய்டு சங்கம், 65–70 வயதுக்குக் கீழே இருந்து அறிகுறிகளும் இருந்தால் சில மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. நான் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்பவன். டிபிஓ ஆன்டிபாடி பாசிட்டிவாக வந்து, டிஎஸ்எச் மறுபடியும் 7-க்கு மேல் நின்றால், 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்துப் பார்ப்பேன். இரண்டும் சேர்ந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றில் நான்கு பேருக்கு முழுக் குறைவாக மாறுகிறது என்பது இங்கிலாந்தின் விக்கம் ஆய்வில் 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. ஆன்டிபாடி இல்லாமல் 5, 6 என்று நின்றால் கொடுக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன்.

"ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடமுடியாதாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் குறைவு உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. உங்களுக்குக் கொடுத்தால் அது ஒரு சோதனைதான். டிஎஸ்எச் சரியான அளவுக்கு வந்து மூன்று நான்கு மாதம் ஆகியும் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்தலாம்.

நீங்களாக அரை மாத்திரை போட்டுக்கொள்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அரை என்றாலும் 50 மைக்ரோகிராம்; அடைப்பு உண்டா இல்லையா என்றே தெரியாத இதயத்துக்கு அதுவும் அதிகம். ராத்திரி வந்த படபடப்பு, இதயம் "என்னை ஏன் விரட்டுகிறாய்" என்று கேட்டதாகத்தான் இருக்கும். தைராக்சின் மிஞ்சினால் டிஎஸ்எச் அடங்கிவிடும். டிஎஸ்எச் ஒரேயடியாக 0.1-க்கு இறங்கிப்போன 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, பத்து வருடத்தில் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மூன்று மடங்கு வந்ததை அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வு 1994-ல் காட்டியது. அது பக்கவாதத்துக்கு வழி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும். இதயத்தைக் காப்பாற்றத் தொடங்கிய மாத்திரை இதயத்தையே கெடுத்தால் என்ன லாபம்?

மருத்துவர் கொடுத்தால் சாப்பிடும் முறை: எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு.

சமையலறை

முட்டைக்கோஸ் பொரியலைத் தடையிலிருந்து விடுவித்துவிடுங்கள். வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிட்டால் தைராய்டுக்கு ஒன்றும் ஆகாது. தடை போட வேண்டியது இந்துப்புக்குத்தான். பிபிக்கு நல்லது என்று மாறியிருக்கிறீர்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்காவிட்டால் அதில் அயோடினும் போதிய அளவு இருக்காது. தைராய்டுக்குப் பயந்தவர், தைராய்டுக்கு வேண்டியதைச் சமையலறையிலிருந்து வெளியேற்றியிருக்கிறீர்கள். சாதாரண அயோடின் உப்பையே வாங்கி, அளவைக் குறையுங்கள். அப்பளம், ஊறுகாய், வடகம் குறைந்தாலே பிபி கொஞ்சம் கேட்கும்.

மகள் குழந்தைக்குத் திட்டமிடுகிறாள் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பெரியம்மாவுக்குத் தைராய்டு உண்டு என்பதால் அவள் ஒரு டிஎஸ்எச் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்துக்கான அளவுகோல் வேறு. நான் மேலே சொன்ன எண்கள் எதுவும் அவளுக்குப் பொருந்தாது.

அப்புறம், அக்காவின் மாத்திரை. அவருக்கு ஆபரேஷனில் தைராய்டையே எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு அது ஒரு நாளும் விடக்கூடாத மருந்து. மிச்சம் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கும்போது, டப்பாவில் 20 குறைகிறது, தீருமுன் வாங்கிவிடு என்று சொல்லிவிடுங்கள்.